அட்டவணையில் பதினொன்று முதல் பதினான்கு வரை

11-3-2008 தேதியிட்ட கடிதம் ஒன்று 17ஆம் தேதி, திங்கட்கிழமை, எனக்கு வந்து சேர்ந்தது. நான் வேலை பார்த்த பிரிவில் இப்போது கண்காணிப்பாளராக இருக்கும் அம்மையார் எழுதியிருந்தார். பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். கடிதத்தின் இரண்டாவது பத்தியை அப்படியே தருகிறேன்:

"பழவேற்காடு ஏரி பற்றிய 1972ஆம் ஆண்டு இருதரப்புப் பேச்சுக் குறிப்பில், மீன்பிடி ஓடைகளின் அட்டவணையில் 11 முதல் 14 வரையுள்ள வரிகளுக்கு எதிரே, இடது ஓரத்தில், பென்சிலால் 'பாடு' என்று தமிழில் எழுதப்பட்டுள்ளது. எழுதியவரின் சுருக்கொப்பம் இல்லை. இதைப் பதிவில் சேர்ப்பதா, கிறுக்கல் என்று விட்டுவிடுவதா எனத் தெரியவில்லை. இந்தக் கோப்பைக் கையாண்டவர்களில் தங்கள் முகவரி மட்டுமே எங்களுக்குக் கிடைத்தது. இது தங்கள் கையெழுத்தா?"

என் கையெழுத்து இல்லை. ஒரு வரியில் அப்படி எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் அந்த நான்கு வரிகளும் என்னால் வந்தவை. முப்பத்தாறு வருடமாக நான் அதைப் பற்றி யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இரண்டு பேரிடம் பாதி பாதியாகச் சொன்னேன். ஒருவரிடம் ஒரு வரியில் சொன்னேன். அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு மேலே பேச முடியவில்லை.

சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திரம் பிரிந்தது 1-10-1953. அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். 1960இல் எல்லை மறுபடி சரிசெய்யப்பட்டபோது வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நிலத்தைப் பிரிப்பது ஒரு மாதிரி சுலபம்; கல் நட்டுவிடலாம். ஏரியில் கல் நட்டாலும் மீன் படிக்காது. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி அந்தப் பக்கம் போனது. கடல் ஏரிக்குள் நுழையும் முகத்துவாரம் இந்தப் பக்கம் இருந்தது. அதற்கு முன் ஒரே அரசாங்கத்தின் கீழ் தெற்குக் குப்பங்களின் ஆட்கள் வடக்கேயும், வடக்குக் கிராமத்தார் தெற்கேயும் போய் வலை கட்டினார்கள். கோடு விழுந்த பிறகு ஒவ்வொரு பருவத்திலும் ஓர் அடிதடி, ஒரு படகு பறிமுதல், ஒரு மனு. மனுக்கள் எங்கள் பிரிவுக்கு வந்தன. அவற்றைத் தேதிவாரியாக அடுக்குவதுதான் என் முதல் ஏழு வருட வேலை.

இடையில் தெலுங்குப் பரீட்சை எழுதித் தேறினேன். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் தெலுங்கு தெரிந்த குமாஸ்தா நான் ஒருவன்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமையை இங்கே குறித்துவைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

1971 கடைசியில் பேச்சு நடத்துவது என்று இரு தரப்பும் முடிவு செய்தன. பெரிய பேச்சு இல்லை. மந்திரிகள் வரவில்லை, பத்திரிகைகளில் வரவில்லை. அதிகாரிகள் மட்டத்தில் அடையாற்றில் ஒரு விருந்தினர் இல்லத்தின் மாடி அறையில் இரண்டு அமர்வுகள். கொடுக்கல் வாங்கல் எளிமையானது. அவர்கள் பக்கத்து இறால் லாரிகள் சென்னையில் உள்ள ஐஸ் தொழிற்சாலைகளுக்கு வந்தாக வேண்டும். சோதனைச் சாவடியில் அந்தப் பக்கம் ஒரு முறையும் இந்தப் பக்கம் ஒரு முறையும் கூடைகளைக் கொட்டிப் பார்த்ததில் ஐஸ் உருகி, சரக்கு பாதி கெட்டுவிடுகிறது. ஒரே சோதனை போதும் என்று நாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். பதிலுக்கு, கோட்டுக்கு வடக்கே இருந்தாலும் தெற்குக் குப்பங்களுக்கு வழக்கப்படி உரிமை உள்ள ஓடைகளை அவர்கள் தொடரவிட வேண்டும். எந்தெந்த ஓடை, யாருக்கு, எந்த வழக்கப்படி என்ற அட்டவணையை நாங்கள் தயார் செய்ய வேண்டும். அட்டவணையில் இருப்பது நிலைக்கும். இல்லாதது போகும்.

அட்டவணை வேலை எனக்கு வந்தது. மேலதிகாரி தணிகாசலம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெதுவாகப் பேசுவார். மனு கொடுக்க வந்தவர் யாரானாலும் எழுந்து நிற்பார். அவர் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். மேஜையில் பச்சை பிளாஸ்கில் வெந்நீர். ஒரு நூலில் கட்டிய பென்சில் மேஜைக் காலில் தொங்கும். வரைவுகளில் பென்சிலால் மட்டும் எழுதுவார். ஒப்பமிட்ட தாளில் பென்சில் படவே கூடாது என்பது அவர் விதி. "கையெழுத்து ஆன காகிதம் நம்மளுது இல்ல, ராமநாதன்" என்பார்.

குறிப்பு எழுதுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். தாளின் இடது ஓரத்தில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒரு பத்தி விட வேண்டும். அதற்குப் பெயர் வாய்ச்சொல் பத்தி. வலப்பக்கம் நாம் ஆங்கிலத்தில் என்ன எழுதினாலும், அதைச் சொன்னவர் எந்தச் சொல்லைச் சொன்னாரோ அந்தச் சொல்லை அப்படியே தமிழில் இடது பத்தியில் எழுதி, கீழே அவர் பெயரையும் எழுத வேண்டும். வலை கட்டுவதை நாம் ஆங்கிலத்தில் எழுதியிருப்போம். இடப்பக்கம் அவர் சொன்ன சொல் நிற்கும். அந்தப் பத்தி காலியாக இருந்தால் தணிகாசலத்தின் பென்சில் அங்கே வந்து நிற்கும். "இது யார் வாய்ச்சொல்?" அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார்.

முதல் அமர்வு 22-2-1972, செவ்வாய்க்கிழமை. எதிர்த்தரப்பில் பேசியவர் சேஷகிரி ராவ். எங்களைவிட நல்ல சென்னைத் தமிழ் பேசினார். பிறந்து வளர்ந்தது தியாகராய நகர். பிரிவினையின்போது எந்தப் பக்கம் வேலை பார்க்க விருப்பம் என்று ஒரு படிவம் கொடுத்தார்களாம். அதில் அந்தப் பக்கம் என்று எழுதிவிட்டார். "அப்பா, 'நம்ம ஊருக்குப் போடா'ன்னார். எனக்கு நம்ம ஊர் பாண்டி பஜார்தான். ஆனா படிவத்துல அப்படி ஒரு கட்டம் இல்லை" என்று காப்பி நேரத்தில் சொன்னார். சென்னை வந்தால் விருந்தினர் இல்லத்தில் தங்க மாட்டார். தியாகராய நகரில் அக்கா வீடு.

அன்று பகல் சாப்பாட்டில் அவருக்கும் எனக்கும் தயிர்ச்சாதம். அவர் என் இலையைப் பார்த்தார், தன் இலையைப் பார்த்தார். "நீங்க மயிலாப்பூர். நான் மாத்வன். காலைலேருந்து ரெண்டு பேரும் உக்காந்து றாலுக்காகச் சண்டை போடறோம். றாலுக்குத் தெரிஞ்சா சிரிக்கும் சார்" என்றார். தணிகாசலம்கூடச் சிரித்தார்.

பிப்ரவரி முதல் மே வரை நான் குப்பம் குப்பமாகப் போனேன். மொத்தம் பதினேழு ஓடைகள். பதின்மூன்றுக்கு ஆட்களை நேரில் பார்த்து, வாய்ச்சொல் பத்தியை நிரப்பினேன். மீதி நான்கும் ஒரே குப்பத்துக்கு உரியவை. அதன் பெயரை எழுத மனமில்லை. முகத்துவாரத்துக்கு அருகில், அறுபது வீடு இருக்கும். அந்தக் குப்பத்துக்கு நான் போனது 4-5-1972, வியாழக்கிழமை. முன்கூட்டியே தகவல் அனுப்பியிருந்தேன். காலை ஒன்பது மணிக்குப் போனால் ஆண்கள் ஒருவர்கூட இல்லை. வலை உலர்த்தும் இடத்தில் ஒரு பெண் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆம்பளைங்க எல்லாம் எங்கம்மா? நான் வரேன்னு சொல்லி அனுப்பியிருந்தேனே."

"அவங்க பாட்டுக்குப் போய்க்கிறாங்க."

"எப்ப வருவாங்க?"

"பாடு முடிஞ்சாத்தான சார்."

எனக்குக் கோபம் வந்தது. அரசாங்கத்திலிருந்து ஒருவன் இவர்கள் உரிமையை எழுதப் பஸ் மாறி, படகு ஏறி வந்திருக்கிறான். இவர்கள் தங்கள் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். பாடு முடிந்தால் வருவார்களாம். இவர்கள் பாடு என்றைக்கு முடிவது. ஒரு மணி வரை பனையோலை நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். இன்னொரு நாள் போயிருக்க வேண்டும். அட்டவணையைக் கொடுக்க மே 15 கெடு. எனக்கு ஜுரம் வேறு வந்தது. "ஆத்துல உக்காந்து ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துண்டு போங்கோளேன், ஏரி எங்கயும் ஓடிடாது" என்றாள் என் மனைவி. ரெஸ்ட் எடுத்தேன். பிறகு அந்த நான்கு ஓடைகளையும் பழைய பதிவேட்டைப் பார்த்து நிரப்பினேன்.

அந்தப் பதிவேடு பிரிவினைக்கு முந்தையது. அந்தப் பகுதிக் கர்ணங்கள் பலர் தெலுங்கர். கணக்கைத் தெலுங்கில் எழுதினார்கள். பதின்மூன்று ஓடைகளுக்கு எதிரே 'முறை' என்று பொருள்படும் தெலுங்குச் சொல் இருந்தது. இந்த நான்குக்கு எதிரே வேறொரு கையெழுத்தில், வேறொரு சொல் இருந்தது. தெலுங்கு எழுத்தில் 'பாடு'.

தெலுங்கில் பாடு என்றால் பாழ், பயனற்றுப் போனது. பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்த சொற்பட்டியலில் அது இருந்தது. மற்றவற்றுக்கெல்லாம் முறை என்றும் இவற்றுக்கு மட்டும் பாழ் என்றும் எழுதியிருக்கிறது என்றால், இவை தூர்ந்துபோயிருக்கும் என்று முடிவு செய்தேன். அட்டவணையில் 11 முதல் 14 வரை 'டிஸ்யூஸ்ட்', அதாவது உபயோகத்தில் இல்லாதவை, என்று எழுதினேன். வாய்ச்சொல் பத்தி காலி.

தணிகாசலத்தின் பென்சில் அங்கே வந்து நின்றது. "இது யார் வாய்ச்சொல்?"

"பதிவேடு சார். தெலுங்குல தெளிவா இருக்கு."

அவருக்குத் தெலுங்கு தெரியாது. "உங்களுக்குத் தெரியும்னா சரி" என்று அடுத்த பக்கம் போனார்.

இரண்டாவது அமர்வு ஜூலை 19, 20 தேதிகளில். அந்தச் சமயத்தில் ஆற்றின் குறுக்கே புதுப் பாலம் வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாளும் பஸ் ஊர்ந்துதான் போயிற்று. முதல் நாள் காலையில் விருந்தினர் இல்லத்தின் வாசலில் நாலைந்து மீனவர்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் மாசிலாமணி. நாற்பது வயது இருக்கும், வெளுத்த சட்டை, தோளில் துண்டு. நான் பார்க்காமல் வந்த அந்தக் குப்பத்தின் ஆள். உள்ளே போக அவர்களுக்கு அனுமதி இல்லை.

"சார், எங்க பாடு இன்னா ஆச்சு?"

"பேச்சு நடக்கிறது. எல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்றேன்.

பகலில் வெளியே வந்தபோது மறுபடி: "சார், எங்க பாட்டைப் பத்தி எய்தினீங்களா?"

"உங்க கஷ்டமெல்லாம் எழுதியிருக்கு மாசிலாமணி. கவலைப்படாதீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் படியேறிவிட்டேன். மாலையில் போகும்போதும் அவர் அங்கேயே நின்றார். மூன்றாம் முறையும் அதே கேள்வி. மூன்றாம் முறையும் நான் ஏழை ஒருவன் தன் நிலைமையைச் சொல்லிப் புலம்புகிறான் என்றுதான் கேட்டேன். எனக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

மறுநாள் அட்டவணையை வரிவரியாகப் படித்தார்கள். ராவ் பதினொன்றில் நின்றார். தணிகாசலம் கொண்டுவந்திருந்த பென்சிலை இரவல் வாங்கி வரிமேல் வைத்துக்கொண்டு, "இந்த நாலும் உபயோகத்துல இல்லைன்னு போட்டிருக்கு. நிச்சயமாத்தானா?" என்று கேட்டார்.

தணிகாசலம் என்னைப் பார்த்தார். "நிச்சயம் சார்" என்றேன்.

ராவ் தாளைத் திருப்பினார், மறுபடி பின்னால் வந்தார். "பதிவேட்டுல என்ன வார்த்தை இருக்குன்னு பார்த்துட்டீங்களா?"

"பார்த்தேன். தெலுங்குதான் சார். உங்க பாஷை" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ராவ் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், உபயோகத்தில் இல்லாத ஓடைகளுக்கு வழக்க உரிமை என்ற பேச்சே எழாது, அந்த நான்கையும் தொடரும் ஓடைகளில் சேர்க்க வேண்டாம் என்றார். நியாயமான பேச்சு. பதின்மூன்று நிலைத்தன. லாரிகளுக்கு ஒரே சோதனை என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம். நான்கரை மணிக்கு இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பமிட்டன. இரண்டு பிரதி, அவர்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று.

வாசலில் மாசிலாமணி மட்டும் இருந்தார். மற்றவர்கள் போய்விட்டார்கள்.

"நீங்க போகலையா?"

"போவணும் சார். நாளைக்கு எங்க வூட்டுப் பாடு. வெடிகாலைல வலை கட்டலைன்னா அடுத்த பாடு பத்து நாள் கயிச்சித்தான் வரும்."

நான் படியில் நின்றுவிட்டேன். "என்னது, பாடுன்னா?"

என்னைச் சுத்தப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பாடுன்னா பாடுதான். சீட்டு எட்த்து, இன்னிக்கு இந்த ஓடை உன்னுது, நாளைக்கு அவன்துன்னு உடறது. அன்னிக்கு வேற ஆளு அங்க வலை போட மாட்டான். நம்ம அப்பன் தாத்தன்லேருந்து அதானே? அதைத்தான நேத்துலேருந்து கேட்டுக்கினுகிறேன்."

"வடக்கே நாலு ஓடை இருக்கே. அங்கேயும் பாடு உண்டா?"

"அங்கதான சார் பாடே."

மே 4ஆம் தேதி அந்தப் பெண் சொன்னது அப்போதுதான் என் காதில் சரியாக விழுந்தது. அவர்கள் தங்கள் பாட்டுக்குத்தான் போயிருந்தார்கள். அந்த நான்கு ஓடைகளில்தான் இருந்தார்கள். கர்ணம் மீனவர்கள் சொன்ன தமிழ்ச் சொல்லைத் தெலுங்கு எழுத்தில் எழுதியிருக்கிறான். தெலுங்கு எழுத்து மட்டும் தெரிந்து பாஷை தெரியாத எவனாவது அதை எழுத்துக்கூட்டிப் படித்திருந்தால் சரியாகப் படித்திருப்பான்.

மாசிலாமணியிடம் எதுவும் சொல்லவில்லை. நேரே தியாகராய நகர் போனேன். ராவின் அக்கா வீட்டில் முன் அறையில் அவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா சார், பாடுன்னா என்னன்னு?" என்று கேட்டேன்.

"நான் ரெண்டு தடவ கேட்டேனே."

"தெரிஞ்சும்..."

"நான் எதிர்த்தரப்பு, ராமநாதன் சார். ரெண்டு தடவ கேட்டதே அதிகம். மூணாவது தடவ கேட்டா என் பக்கத்துல உக்காந்திருந்தவருக்கு நான் பதில் சொல்லணும். நீங்க 'உங்க பாஷை'ன்னீங்க. அதுக்கப்புறம் நான் என்ன சொல்ல?"

அவரே வழியும் சொன்னார். "தட்டச்சுப் பிழைன்னு ஒரு கடிதம் போடுங்க. 'யூஸ்ட்'னு அடிக்க வேண்டியதை 'டிஸ்யூஸ்ட்'னு அடிச்சிட்டாங்கன்னு. தட்டச்சுப் பிழைன்னா என் மட்டத்துலயே திருத்தி அனுப்பிடலாம், மறுபடி உக்கார வேண்டாம். வேற மாதிரி எழுதினீங்கன்னா அது விஷயப் பிழை. மறு அமர்வுக்குப் போகும். அப்ப அது என் கையில இல்லை."

வீடு திரும்பும்போது கொஞ்சம் தெம்பாகவே இருந்தது.

21ஆம் தேதி காலை தணிகாசலத்திடம் பதிவேட்டுச் சொல்லைப் பற்றிச் சொன்னேன். பதிவேட்டை வரவழைத்தார். தெரியாத எழுத்தை என்னை எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டார். பா. டு. மூடி வைத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"ராவ் சொல்ற வழி..." என்று ஆரம்பித்தேன்.

"அட்டவணையைத் தட்டச்சு பண்ணது யாரு?"

"குளோரி அம்மா."

குளோரி அம்மா எங்கள் பிரிவின் மூத்த தட்டச்சர். சாந்தோமிலிருந்து வருவார். இருபத்தெட்டு வருடம் சர்வீஸ். அவரைக் கூப்பிட்டார் தணிகாசலம். எழுந்து நின்று, உட்காரச் சொல்லி, விஷயத்தைச் சொன்னார். குளோரி அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"என் மேல போட்டுக்கங்க சார். எனக்கு ரிடையராக எட்டு மாசம். ஒரு மெமோ கொடுப்பீங்க, அவ்ளோதான? அந்த மனுசங்க பொழைக்கட்டும்."

"நீங்க தப்பா அடிச்சீங்களா அம்மா?"

"என்ன சார் கேள்வி இது. இவர் எழுதினதை அடிச்சேன். ஒரு எழுத்து மாறாது."

"அப்ப எப்படிம்மா போடறது?"

குளோரி அம்மா என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லுப்பா." நான் சொன்னேன். சார், அறுபது வீடு, அவரே ஒப்புக்கொள்கிறார், எதிர்த்தரப்பே ஒப்புக்கொள்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை என்றேன். தணிகாசலம் பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டார், குடிக்கவில்லை.

"அந்த நாலு ஓடையும் ஒரு பொய் மேல நிக்கும், ராமநாதன். பிற்பாடு எவனாவது ஒருத்தன் பதிவேட்டையும் உங்க கையெழுத்துப் பிரதியையும் எடுத்து வச்சுப் பார்ப்பான். பிரதியிலயும் டிஸ்யூஸ்ட்னுதான் இருக்கும். அன்னிக்கு இந்த நாலும் போகும். அதோட, மத்த பதிமூணையும் நம்ப மாட்டான். உண்மையை எழுதினா நாளாகும். ஆனா நிக்கும்."

"நாளாகிறவரைக்கும் அவங்க என்ன பண்ணுவாங்க சார்?"

அவர் பிளாஸ்கை மூடினார். "நாளைக்கு எழுதறேன். இன்னிக்கு எழுதினா கோபத்துல எழுதுவேன்" என்றார்.

22ஆம் தேதி கடிதம் போயிற்று. என் பெயரைப் போடவில்லை. 'பதிவேட்டுச் சொல்லின் பொருளை எங்கள் தரப்பு பிழையாகக் கொண்டது' என்று தொடங்கி, பாடு என்ற வழக்கத்தை ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கியிருந்தார். அப்படி ஒரு கடிதத்தை நான் சர்வீஸில் வேறெங்கும் படித்ததில்லை. செப்டம்பரில் பதில் வந்தது. மரியாதையான பதில்: விஷயம் குறித்துக்கொள்ளப்பட்டது, அடுத்த அமர்வில் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த அமர்வுக்கு இரண்டு முறை தேதி குறித்தார்கள். ஒரு முறை வெள்ளம்; ஒரு முறை அவர்கள் பக்கத்தில் வேறு அவசரம். ராவ் வேறு இலாகாவுக்கு மாற்றலானார். 1973 டிசம்பரில் எனக்கும் மாற்றல். தணிகாசலம் அந்தப் பிரிவிலேயே 1976 வரை இருந்து ஓய்வு பெற்றார். அடுத்த அமர்வு நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. லாரிகள் மட்டும் ஒரே சோதனையோடு ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

19-1-1975, ஞாயிற்றுக்கிழமை மாலை, பெசன்ட் நகர்க் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். ஊரூர்க் குப்பத்துப் பக்கம் ஒரு கட்டுமரத்தின் நிழலில் ஒருவர் வலையில் அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார். நான் கடந்து போய்விட்டேன். அவர்தான் கூப்பிட்டார்.

"இன்னா சார், அடையாத்து மாடி சார்தான நீ?"

மாசிலாமணி. கன்னம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன்.

"இங்க எங்கே?"

"மச்சான் வூட்ல கீறோம். அவன் மரத்துல கூலிக்குப் போய்க்கினுகிறேன். கடல் வலை எனக்குப் பயக்கம் இல்ல, ஏரிக்காரன்தான. கத்துக்கினேன்."

"ஏரி?"

"அந்த நாலு ஓடைல வலை கட்டப் போனா, சாவடிக்காரன் காயிதத்தைக் காட்றான். 'உபயோகம் இல்லாததுன்னு உங்க ஆளுங்களே எய்திக் குட்த்துகிறாங்க, பாரு'ன்றான். தெக்கால மிச்சம் கீறதுல மாசத்துக்கு ஒரு பாடு வருது. அத்த வச்சிக்கினு இன்னா பண்றது. எங்க குப்பத்துல பாதிப் பேரு காசிமேட்ல கீறான்."

சொல்லவேண்டும் என்ற எண்ணத்தோடு நான் உட்காரவில்லை. ஆனால் சொன்னேன். "அதை எழுதினது நான்தான், மாசிலாமணி."

அவர் கை நிற்கவில்லை. ஒரு கண்ணியை முடித்து, நூலைப் பல்லால் கடித்தார்.

"நீயா?"

"பதிவேட்டுல பாடுன்னு இருந்தது. தெலுங்குன்னு நினைச்சுட்டேன்."

"தெலுங்குல இன்னா அது?"

"பாழாப் போனதுன்னு அர்த்தம்."

அவர் அடுத்த கண்ணியைக் கையில் எடுத்தார். பிறகு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

"அப்ப நீ எய்துனது கரெக்ட்டாப் பூட்ச்சு சார்."

இருட்டத் தொடங்கியதும் எழுந்தேன். "வரேன் மாசிலாமணி" என்றேன். "பாத்துப் போ சார், முள்ளு கீது" என்றார். அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகாமல் சுற்றி நடந்தேன். பிறகு போனபோது, மரம் இருந்தது, அவர் இல்லை. மச்சானிடம் கேட்கவில்லை.

தணிகாசலம் செய்தது சரியா என்று என்னை நானே பல வருடம் கேட்டிருக்கிறேன். காலையில் ஒரு பதிலும் மாலையில் ஒரு பதிலும் வரும். அவர் சொன்ன காரணத்தில் இன்றுவரை ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த உண்மைக் கடிதம் நின்றதா என்றால், கோப்பில் நின்றது. பிழை என்னுடையது; அதைத் திருத்தும் வழியை மட்டும்தான் அவர் தேர்ந்தெடுத்தார். இதை மறக்காமல் இருப்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

இப்போது அந்தப் பென்சில்.

அம்மையாரின் கடிதத்தின்படி, பாடு என்ற சொல் நிற்பது இடது ஓரத்தில், நான் காலியாக விட்ட வாய்ச்சொல் பத்தியில். ஒப்பமிட்ட பிரதியில். தணிகாசலம் எழுதினார் என்றால், சர்வீஸ் முழுதும் காத்த விதியை அவர் ஒரு நாள் தனியாக உட்கார்ந்து மீறியிருக்கிறார். ராவ் எழுதினார் என்றால், அன்று பகல் இரவல் வாங்கிய பென்சிலைத் திருப்பிக் கொடுக்கும் முன், ஒப்பமிட்ட பிறகு, நாங்கள் கவனிக்காத ஒரு நிமிடத்தில் எழுதியிருக்க வேண்டும். அப்படியானால் மூன்றாவது தடவையும் அவர் கேட்டிருக்கிறார். நாங்கள் தாளைத் திருப்பிப் பார்க்காமல் கட்டி வைத்துவிட்டோம். அமர்வு முடிந்த பிறகு அந்தப் பிரதியை நான் ஒரு முறைகூடத் திறக்கவில்லை. திறக்கப் பயமாக இருந்தது. இருவரும் இப்போது இல்லை.

இந்த மார்ச் 20ஆம் தேதி அம்மையாருக்குப் பதில் எழுதினேன். என் கையெழுத்து அல்ல, ஆனால் கிறுக்கலும் அல்ல, பதிவில் சேர்க்கவும். யார் வாய்ச்சொல் என்ற இடத்தில் மாசிலாமணி, மீனவர் என்று குறிக்கவும். 19-7-1972 அன்று அவர் என்னிடம் மூன்று முறை சொன்னார், நான் அன்று எழுதவில்லை என்பதற்கு இந்தக் கடிதமே சான்று. கூடவே, அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். தணிகாசலம் 'டு' எழுதினால் வால் கீழே இறங்கி இடதுபக்கம் சுழிக்கும். ராவ் தமிழ் எழுதி நான் பார்த்ததில்லை.

இதை எழுதி முடிக்கும்வரை நகல் வரவில்லை. பென்சிலால் எழுதியது யார் என்பது சரிபார்க்கப்படவில்லை.